ஐந்து தசம் மூன்று

நாலு வடிகட்டிகள் எங்களிடம்.
ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

சொற்களை எண்ணுவது ஒன்று;
"பரிசு" என்றால் முறைக்கும்,
"உடனடி" என்றால் எழுந்தே நிற்கும்.
இன்னொன்று அனுப்பிய முகவரியைக்
கறுப்புப் பட்டியலில் விரல்வைத்துத் தேடும்.
கையொப்பம் பார்ப்பது மூன்றாவது.
நாலாவது, பழைய குப்பையைக் கிளறிக் கிளறித்
தானாகவே படித்தது.
ஏன் என்று கேட்டால் அதற்கே தெரியாது.

நாலு வாய், நாலு தீர்ப்பு.
அதை ஒரே எண்ணாக்கச் சொன்னார்கள்.

வாக்கெடுத்தேன்: இரண்டுக்கு இரண்டு.
அதிகம் கத்துவதை நம்பினேன்:
கப்பல் கம்பனியின் பில்கள் எல்லாம்
ஒரு கிழமை குப்பைக்குப் போயின.
கடைசியில்
வீட்டுச் சாமான் கணக்குப்போல
வெறுமனே கூட்டினேன்.
ஐந்துக்கு மேல் போனால் தனிக்கூடை.

"ஏன் ஐந்து?" என்றான் பிரசன்ன,
பிளேன்டீயை மேசையில் வைத்தபடி.
எங்கேயாவது கோடு போடத்தானே வேண்டும்.
ஆறாம் மாடி ஜன்னலுக்குக் கீழே
காலி வீதி அவ்வளவும் ஹோர்ன்.

ஒரு மாதம் நன்றாய்த்தான் போனது.
ஜெனரல்களின் விதவைகள்,
முடி வளர்க்கும் எண்ணெய்,
நான் வாங்காத லொத்தரில் விழுந்த கோடி,
எல்லாம் ஒன்பது, பதினொன்று, பதினான்கு.

வியாழக்கிழமை தொலைபேசியில் மிஹ்ளார் நானா,
புறக்கோட்டை, ஐந்தாம் குறுக்குத் தெரு:
"மூணு தரம் எழுதிட்டேன் மகள்.
ஒரு கண்டெய்னர் பொத்தானும் சிப்பும்
துறைமுகத்துல நிக்கிது.
நாள் காசு ஏறுது."

கூடைக்குள் கை விட்டேன்.
மூன்று கடிதமும் கிடந்தன,
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
ஐந்து தசம் மூன்று.

பிரித்துப் பார்த்தேன்.
தமிழில் எழுதியதற்கு
ஒன்று தசம் ஒன்று:
சொல்லெண்ணிக்கு அந்த எழுத்து தெரியாது,
தெரியாததற்கும் அது புள்ளி போடும்.
கடைத்தொகுதி முழுக்கப் பகிரும் மலிவு இணைப்பில்
எவனோ எப்போதோ செய்த பிழைக்கு
இரண்டு தசம் ஒன்று.
கையொப்பம் சரி, பூச்சியம்.
தானாய்ப் படித்ததன் தீர்ப்பு
இரண்டு தசம் ஒன்று.

அதே இரண்டு.
அதே ஒன்று.

இரவு ஒரு மணிவரை தோண்டினேன்.
தானாய்ப் படித்தது
தானாய்ப் படிக்கவில்லை.
கறுப்புப் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறது.
ஒருவன் சொன்ன கோளை
மற்றவன் திருப்பிச் சொல்ல,
சாட்சி இரண்டு என்று
பதிந்துவைத்திருக்கிறேன் நான்.

இதே வீதியில்,
மணல்மூட்டைகளுக்கு முன்னால்,
அட்டையை நீட்டியபோது எனக்கு இருபத்திரண்டு.
பேர் என்ன.
பிறந்தது எங்கே.
வெள்ளவத்தையில் யார் வீட்டில்.
கேள்வி மூன்று,
அவனுக்குக் கேட்டது ஒரே பதில்.
மூன்று தரம் கூட்டினான்.
நூறாம் நம்பர் பஸ்
என் பையோடு போய்விட்டது.
அவனும் எங்கோ ஒரு கோடு வைத்திருந்திருப்பான்.
எத்தனை வந்தது என்று
கடைசிவரை சொல்லவில்லை.

பட்டியல் ஏற்கெனவே பேசிவிட்டால்
நாலாவது மெல்லப் பேசட்டும் என்று
ஒரு வரி எழுதினேன்.
நானாவின் கடிதத்தை மறுபடி ஓட்டினேன்.
மூன்று தசம் ஆறு.
போ, உள்ளே போ.

காலையில் மனேஜர் ரொஷான்
போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
முடி வளர்க்கும் எண்ணெய்
அவர் பெட்டிக்குள் வந்திருந்தது.
அவருக்கு வழுக்கை வேறு.
பிரசன்ன திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

நானாவுக்குப் பதில் எழுதினேன்:
மன்னிக்கவும், பிழை எங்களுடையது,
பத்திரம் இன்றே கையெழுத்தாகும்.
பின்னேரம் வரை சத்தமில்லை.
நானே அழைத்தேன்.

"இப்பதான் கண்டேன் மகள்.
உங்கட கடிதம் என்ட குப்பைக்குள்ள கிடந்திச்சு."

எத்தனை புள்ளி போட்டிருக்கிறது நானா,
பாருங்கோ.

"அதெல்லாம்
இதுல காட்டுதில்ல."