இல்லையெனில்

கஜானி. ஜனவரி. இரவு இரண்டே கால்.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
உள்ளே, ஒருகாலத்தில் காகிதம் செய்த ஆலைக்குள்
நாற்பது சர்வர்கள்
இன்னும் யாராகவும் இல்லாமல் நிற்கின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்புரு.
பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு டாலர் குறி,
முகவரி வரவேண்டிய இடத்தில் இன்னொன்று.
வட்டு பெரிதெனில் இரண்டாகப் பிரி.
இல்லையெனில் முழுதும் அழித்துவிட்டு எழுது.
நடுவில் எதையும் கேட்காதே,
பதில் சொல்ல இங்கே ஆள் இருக்காது.

என்டர் தட்டினேன்.
விசிறிகள் ஒருசேர மூச்சிழுத்தன.

பதினோராவது நிமிடம் திரையில் பறவைகள்:
குர்கி, தீரா, ஹரக்கா, குயிக்கா.
வெய்க்கோ வைத்த பெயர்கள்.
ஒன்று மட்டும் டாலர் குறியோடே எழுந்து வந்திருந்தது.
பட்டியலில் அதன் வரியை விட்டது நான்தான்.
அதற்குக் கோபமில்லை.
கோடிட்ட இடத்தையே தன் பெயராக எடுத்துக்கொண்டு
வேலைக்குத் தயாராக நின்றது.

ஆனால் எதுவும் என்னை உள்ளே விடவில்லை.
கடவுச்சொல்லை மறைத்து எழுதிய சரத்துக்குள்ளும்
டாலர் குறிகள் இருந்தன.
வார்ப்புரு அங்கேயும் ஒரு பெயரைத் தேடி,
கிடைக்காமல்,
வெறுமையை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
நாற்பது பூட்டு. சாவியில் பாதி.
முன்னால் ஒரு சாய்கோடு போட்டிருந்தால்
இந்நேரம் நான் வீட்டில்.

திருத்தப் போனபோதுதான் கண்ணில் பட்டது
நூற்றுப்பன்னிரண்டாவது வரி:
குயிக்கா எனில்
இரண்டாம் வட்டைத் தொடாதே.
காரணம் எழுதவில்லை.

வெய்க்கோ இலையுதிர் காலத்தில் வேலையை விட்டான்.
இப்போது சொட்காமோ சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
இந்த நேரத்தில் விழித்திருப்பவன் அவன் ஒருவன்தான்.
கூப்பிட்டேன்.

"என்ன இருக்குன்னு ஞாபகம் இல்ல," என்றான்.
பின்னால் இரும்பு தார்ச்சாலையை உரசும் சத்தம்.
"தொடாதேன்னு எழுதும்போது தெரிஞ்சிருந்துச்சு."

திறந்து பார்த்திருக்கலாம்.
விரல் கொஞ்ச நேரம் விசைமேல் இருந்தது.
காபி ஆறிப்போனது.

வரியின் கீழே, இயந்திரம் படிக்காத எழுத்தில் சேர்த்தேன்:
கேட்டாயிற்று. அவனுக்கும் நினைவில்லை.
தொடாதே.

டாலருக்கு முன் சாய்கோடு.
பெயரில்லாததற்கு ஒரு பெயர், வர்புனென்:
சிட்டுக்குருவி. வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுபடி என்டர்.
முப்பத்தொன்பது அழிந்து எழுந்தன.
குயிக்கா மட்டும்
பாதியை மறந்து, பாதியை வைத்துக்கொண்டு.