ஒரு திருத்தம்

சென்ற இதழில் நான் எழுதிய
ருமேனியப் பட மதிப்புரையில்
ஒரு பிழை நேர்ந்துவிட்டது.
படத்தின் பெயர் இங்கே வேண்டாம்,
எடுத்தவர்மேல் குற்றமில்லை.

நாற்பத்தோராம் நிமிடம்.
மகன் கதவை அறைந்துவிட்டுப் போகிறான்.
தாய் தட்டுக் கழுவுகிறாள், முதுகு மட்டும் தெரிகிறது.
அப்போது எழுந்து
எழுந்ததுமே கையால் பொத்தப்பட்ட
அந்த ஒற்றை விம்மலைப் பற்றி
ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன்.
நடிப்பின் உச்சம் என்றேன்.
மூன்று நட்சத்திரப் படத்துக்கு
மூன்றரை போட்டேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து
சங்கரபாண்டியன் என்ற வாசகர் எழுதுகிறார்:
மூன்று முறை ஓட்டிப் பார்த்தாயிற்று,
அந்த இடத்தில் யாருமே அழவில்லையே ஐயா.

விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஷார்ஜா, அல் நஹ்தா, ஏழாம் மாடி.
ஒரு கூடத்தை நான்காகத் தடுத்ததில்
ஜன்னல் இல்லாத கால் பங்கு எங்களுடையது.
மேல்கட்டிலில் ஜெபசிங்.
விடிகாலை நாலரைக்கு சைட் பஸ்,
ஒன்பதுக்கே தூங்கிவிடுவார்.
ஹெட்போன் அறுந்து எட்டு மாதம்.
வாங்காததற்குப் பணம் மட்டும் காரணமில்லை,
கீழே ஓடும் எழுத்தைப் படிக்கக்
காது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

என் மதிப்புரைகளில்
இசையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.
கவனித்தவர்கள் அதை
என் கறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.
நானும் மறுக்கவில்லை.

ஆனால் சத்தமே இல்லாமல்
யாரால் படம் பார்க்க முடியும்?
ஐஸ்லாந்தின் காற்றுக்கு எங்கள் பழைய ஏசி.
ஈரானிய மழைக்குப் பொதுக் குளியலறை.
கொரியக் குடும்பம் பேசாமல் சாப்பிடும் நீண்ட காட்சிக்கு
ஜிப்சம் பலகைக்கு அந்தப் பக்கம்
ஒருத்தியின் கரண்டி,
தட்டில் பட்டும் படாமலும்.
அன்றிரவு அவள் போனில் யாருடனோ
எனக்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தாள்.
பிறகு பேசவில்லை.
பிறகு
நாற்பத்தோராம் நிமிடம்.

வெள்ளிக்கிழமை ஜெபசிங் சர்ச்சுக்குப் போனதும்
சத்தம் வைத்துப் பார்த்தேன்.
வயலின்கள். இருபதாவது இருக்கும்.
அந்தத் தாய்க்கு அழ இடமே விடவில்லை.
வாசகர் சொன்னது சரி.
படத்துக்கு மூன்று.

மீதி அரையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஞாயிறன்று லிஃப்டில் அவளைப் பார்த்தேன்.
ஒரு கையில் சலவைத்தூள், வாயில் சூயிங்கம்.
என்னைக் கேட்காமலே ஏழை அழுத்திவிட்டு
குட் ஈவினிங் சார் என்றாள்.
குட் ஈவினிங் என்றேன்.
ஒருத்தியின் அழுகைக்கு மதிப்பெண் போட்டவன்
வேறென்ன சொல்ல?
நாலாம் மாடியில் ஒருவர் சைக்கிளோடு ஏறினார்.
இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

அடுத்த இதழில் செனகல் படம்.
ரோலாவில் பதினைந்து திர்ஹத்துக்கு
ஹெட்போன் வாங்கிவிட்டேன்.
இசை பற்றியும் இனி எழுதப்படும்.
காதில் மாட்டுமுன்
கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம்.
ஏதோ படம் மாட்டுகிறாள் போல.
என்ன படமோ.
ஆணியின் முனை மட்டும்
என் தலையணைக்கு ஒரு சாண் மேலே
இந்தப் பக்கம் வந்து நிற்கிறது.