மூன்று மில்லிகிராம் மீசை

தராசு மேசையின் கால் ஆடாமலிருக்க
யாரோ எப்போதோ செருகிய அட்டையை
ஒரு திங்கட்கிழமை உருவினேன்.
அதில் ஓர் ஆள்
தரையில் கால் படாமல் இருந்தான்.
வலது கால் தலைக்கு மேலே.
பந்து படத்தை விட்டே போயிருந்தது.

அன்றிலிருந்து பட்டறையில் மேசை ஆடுகிறது.
முதலாளி கேட்டால்
தரை சரியில்லை என்கிறேன்.

சிவதாபுரத்தில் கொலுசு நிறுப்பவள் நான்.
கொடுத்த வெள்ளி, வந்த கொலுசு,
தூளாய்ப் போன சேதாரம்:
மூன்றும் கணக்கில் ஒட்டாவிட்டால்
ராத்திரி சோறு இறங்காது.

கால்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட
முழுதாகப் பார்த்ததில்லை.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
லூர்துசேகர் மூன்று முறை சொல்லிவிட்டார்,
டிக்கெட் கட்டுகளை ஆட்களாக நிறுத்தி.
மூன்று முறையும் தலையாட்டினேன்.

அவர் ஏற்காட்டு வண்டியில் கண்டக்டர்.
எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்கிறவர்கள்,
போர்டிங் பள்ளியின் பழைய பெட்டிகளை
எடைக்குப் போடுகிறவர்கள்,
எல்லோரும் அவரிடம்தான் டிக்கெட் வாங்கியாக வேண்டும்.
அறுபது வருடத்துக்கு முன்னால்
சூயிங்கத்தோடு வந்த அட்டைகள்.
மொத்தம் இருபத்துநான்கு.
பெயர்கள் என் வாயில் நுழையாது.
ஐந்தாம் எண் எனக்குப் பல்லழகன்.
ஒன்பது, முறைப்பான்.
பன்னிரண்டு, எங்கள் சின்ன மாமா சாயல்,
அதனால் பிடிக்காது, இருந்தாலும் உண்டு.

செவ்வாய்பேட்டையில் சரக்கைக் கொடுத்துவிட்டு
சனிக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன்.
இருபது வளைவும் இறங்கிய வண்டி
எட்டு நிமிடம் நிற்கும்.
அதற்குள் பேரம், மாற்று, சண்டை எல்லாம்.
கடைசி சீட்டில் கையடக்கத் தராசை வைப்பேன்.
காற்றுப் பட்டால் எண் நிற்காது.
ஜன்னலை இறக்கிவிட்டு
அவர் முதுகைக் குறுக்கே வைத்து மறைப்பார்.
மிளகு வாசனை, பெட்ரோமாக்ஸ் கலர் வெயில்,
"வாழப்பாடி, ஆத்தூர்" என்று பக்கத்து வண்டிக்காரன் தொண்டை.

அசல் அட்டை ஒன்று புள்ளி ஆறு இரண்டு பூஜ்யம்.
ஈரோட்டில் அச்சடித்த போலி
இரண்டு கிராமைத் தாண்டிவிடும்.
வெள்ளியோ வீரனோ
எடைக்கு முன் எல்லாரும் ஒன்று.

இருபத்துமூன்று சேர்ந்துவிட்டது.
பதினேழு மட்டும் வரவில்லை.
கோல்கீப்பர்.
மூன்று மழைக்காலம் தேடினோம்.
மஞ்சக்குட்டையில் ஒரு பீரோவுக்குள் இருக்கிறான் என்றார்,
பீரோ இருந்தது, அவன் இல்லை.

போன சனிக்கிழமை லூர்துசேகர்
படியிலிருந்து இறங்கவில்லை.
காசுப் பைக்குள் கைவிட்டு,
ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுப்பதுபோல் எடுத்தார்.

பதினேழு.
பந்தை நெஞ்சோடு அணைத்திருந்தான்,
தூங்கும் பிள்ளையை வண்டியில் கொண்டுபோகிறவன் மாதிரி.
மேலுதட்டில் பென்சிலால் ஒரு மீசை.
முனை இரண்டும் காதுவரை முறுக்கு.
ஏதோ ஒரு பையன், ஏதோ ஒரு கணக்குப் பாடத்தில்.

"அழிச்சிடலாம், ரப்பர் வச்சிருக்கேன்."
வாங்கியே வந்திருக்கிறார், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

ஜன்னல் இறங்கியது. முதுகு வந்தது.
ஒன்று புள்ளி ஆறு இரண்டு மூன்று.

இன்னொரு தடவை வைத்தேன்.
ஆறு இரண்டு மூன்று.
வெள்ளியில் அது ஒரு ரூபாய்கூடப் பெறாது.
என் மேசையில் அதை ஊதிவிடுவேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.
ஆல்பத்தில் ஒரே ஒரு உறை காலி.
அதை நிரப்பினால்
அடுத்த சனிக்கிழமை
இந்த எட்டு நிமிடத்தை எங்கே செருகுவது?

"எடை ஒத்துவரலை," என்றேன்.
பொய் இல்லை.

அவர் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
இருபது வருடம் சில்லறை எண்ணியவர்,
மூன்று மில்லிகிராம் என்றால் என்னவென்று
தெரியாதவர் இல்லை.

"அப்ப வேற பார்க்கணும்," என்றார்,
மீசைக்காரனைக் காசுப் பைக்குள் தள்ளி.
"நாகலூர்ல ஒரு வீடு காலி பண்றாங்களாம்."

விசில்.
ரப்பர் மட்டும் என் கையில் இருந்தது.