இரவின் குறைந்தபட்ச ஓட்டம்

நகைச்சுவை எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேரும்.
திங்களன்று மதியச் சாப்பாட்டில் ரோஸ்னா சொன்னதற்கு
வியாழனன்று
பீஷானுக்கும் பிராடலுக்கும் நடுவே
சுரங்க இருட்டில் சிரித்தேன்.
எதிரில் இருந்தவர்
தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

ஏன் பேசவே மாட்டேங்குற, என்பார்கள்.
நல்ல கேள்வி.
பதிலை யோசிக்கத் தொடங்குவேன்.
அதற்குள் அவர்கள்
லக்சா வரிசையில் போய் நின்றிருப்பார்கள்.

திமிர் என்றாள் ஒருத்தி.
கூச்சம் என்றார் மேலாளர், இரக்கத்தோடு.
இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்.
கறிபஃப் நன்றாயிருந்தது.
"மௌனத்தை உடைத்து வெளியே வாருங்கள்" என்றார் பயிற்சியாளர்.
உள்ளே என்ன நடக்கிறது என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இரண்டு நாள் போதாது.

என் வேலை தண்ணீர்க் கசிவு தேடுவது.
பகலில் முடியாது.
பகலில் ஊரே குழாயைத் திறந்துவைத்திருக்கும்,
அரிசி களைய, தரை துடைக்க,
சும்மா கை நனைக்க.
அதிகாலை மூன்று மணிக்கு
அங் மோ கியோவின் அத்தனை அடுக்குகளும் உறங்கிய பிறகும்
மீட்டர் சுழன்றுகொண்டிருந்தால்
அது யாரும் குடிக்காத நீர்.
நடைபாதையில் முழங்காலிட்டு
கம்பியின் ஒரு முனையைத் தரையிலும்
மறுமுனையைக் காதிலும் வைத்து
ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' தேடுவேன்.

பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று
அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன்.
அது நகைச்சுவை.
அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

செங்காங்கில் யாழிசையின் பிறந்தநாள்.
முப்பத்தொரு பேர், இரண்டு மின்விசிறி, ஒரு கராவோக்கே.
நான் சமையலறை வாசலில்
சுவரும் குளிர்பதனப் பெட்டியும் சந்திக்கும் மூலையில்.
"எப்பப் பாரு போனு" என்றார் ஓர் உறவுக்காரர்.
கையில் இருந்தது போன்தான்.
பார்த்துக்கொண்டிருந்தது அண்ணியை.

எல்லார் தட்டிலும் பிரியாணி குவித்த கை
தன் தட்டில் மட்டும்
காலிக் கரண்டியைத் தட்டிவிட்டு நகர்ந்தது.
சிரித்தாள். சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது.
ஜனவரியில் என்னோடு அரை மணி நேரம் பேசியவள்,
ஏப்ரலில் பதினெட்டு நிமிடம்,
ஜூனில் "பாத்திரம் கிடக்கு, வைக்கிறேன்".
நான் எதையும் குறித்துவைப்பதில்லை.
நினைவில் இருந்துவிடுகிறது, என்ன செய்ய.

கேக் வெட்டி, பாடி, கைதட்டல் ஓய்ந்த நொடியில்
கேட்டேன்:
"அண்ணி, நீங்க எத்தனை நாளாத் தூங்கல?"

முப்பத்தொரு பேரும் திரும்பினார்கள்.
அமைதி வந்ததும் வேலையைத் தொடங்குவது
என் தொழில் பழக்கம்.
அண்ணி கத்தியைக் கழுவ உள்ளே போனாள்.
நெடுநேரம் கழுவினாள்.

லிஃப்ட் வரை வந்து அண்ணன் சொன்னான்:
"உனக்கு மனுஷங்களோட பழகவே தெரியல."
அதில் ஒரு பகுதி உண்மை.
எத்தனை விழுக்காடு என்று
பதின்மூன்று மாடி இறங்கும்வரை யோசித்தேன்.

பதினாறு நாள் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு செவ்வாய், அதிகாலை மூன்று பத்து,
அவென்யூ எட்டில் நான் குனிந்திருந்தபோது
கைப்பேசி அதிர்ந்தது.
"நீ முழிச்சிருப்பேன்னு தெரியும்" என்றாள்.
அவ்வளவுதான்.

ஆறுதல் வாக்கியம் ஒன்றைக் கட்டத் தொடங்கி
பயனிலை கிடைக்காமல் விட்டுவிட்டேன்.
அவள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி
ஒருமுறை இருமி அடங்கியது.
ஒரு காதில்
தெருவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்த நீர்.
இன்னொன்றில் அவள் மூச்சு.
இரண்டையும் எடுக்கவில்லை.

இருபத்திரண்டாவது நிமிடத்தில்
"நாளைக்கும் வேலை இருக்கா?" என்றாள்.

நாளை என்றால்
விடிந்தால் வரப்போகும் இந்தச் செவ்வாயா,
அதற்கடுத்த புதனா என்று
யோசிக்கத் தொடங்கினேன்.

அவள் காத்திருந்தாள்.