திருகாணி இல்லாத பெட்டி

தார்த்துவில் பிப்ரவரி. பூட்ஸ் பனியை உதறிவிட்டு
மாரிகா இரண்டையும் என் மேசையில் வைத்தாள்:
விவாகரத்தில் அவள் பங்குக்கு வந்த புது ஸ்பீக்கர்,
ஹெல்டுர் தூக்க முடியாமல் விட்டுப்போன ஆம்ப்ளிஃபையர்.

பழையதற்கு நாலு திருகாணி.
மூடியின் உட்பக்கம் சுற்றுப்படம்,
பழுப்பேறிய காகிதத்தில்.
இரண்டு மின்தேக்கிகள் தலை உப்பி நின்றன. மாற்றினேன்.
எனக்கு முன்னால் எவரோ
அவசரத்தில் வைத்த ஈயப்பொட்டு,
கோணல்மாணலாய்,
இன்னும் பிடி விடாமல்.

புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பசை போட்டு மூடிய வாய்.
போனில் செயலி சொன்னது:
இந்தக் கருவிக்கு இனி ஆதரவு இல்லை.
வயது நாலு.

"பழசை ரொம்பப் புகழாதே," என்றாள்.
"மூணு கிறிஸ்துமஸுக்குக் காலை வாரியது அதுதான்."
நிஜம். இப்போதும் இடப்பக்கம் இரைகிறது.
எங்கே என்று துழாவினால்
மின்கம்பியின் மண்ணிணைப்பு, விரல் பட்டதும் அடங்குகிறது.

அவள் புதியதை முட்டியால் தட்டினாள்.
"ஹெல்டுரும் இப்படித்தான்.
எங்கே கோளாறென்று
கடைசிவரை சொல்லவில்லை."

பிறகு கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்,
ரொட்டிக் கத்தி இருக்கிறதா?