பதினோராம் ஷரத்து

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன்.
ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும்
ரகசியக் காப்பு
நாக்கடியில் கரையாத மாத்திரையாய்க் கிடக்கிறது.
மலை நாடு. ஒரே ஆறு.
மொத்த ஜனமும்
திருப்பூர், அவிநாசி, பல்லடத்துக்குள் அடங்கிவிடும்.
அது போதும்.

மங்கலம் ரோட்டில்
அண்ணன் மகன் சிவசண்முகத்தின் நிட்டிங் கம்பெனி.
ஆறு வட்டப் பின்னல் இயந்திரங்கள்
தூத்துக்குடியில் இறங்கி வந்திருந்தன,
கூடவே வெய் என்றொரு பையன்.
முதுகுப்பையில் ஸ்பேனர், லேப்டாப்,
சுடுதண்ணீர்க் குடுவை.
"அத்தை, நீங்க சைனாக்காரன் பேச்சுப் பேசுவீங்கல்லங்,
சித்த வந்துட்டுப் போங்."
முப்பத்திரண்டு வருஷத் தூதரகம்
கடைசியில் ஒரு சித்த.

அவன் படித்தான், நான் பெயர்த்தேன்.
ஊசிக் கணக்கு, எண்ணெய், உத்தரவாதம்.
பதினோராவதில் நின்றேன்:
தவணை மூன்று தவறினால்
இயந்திரத்தை அங்கிருந்தே நிறுத்த
விற்றவருக்கு உரிமை உண்டு.

இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
வேறு உடுப்பில், ஓர் அணைக்கட்டின் கோப்பில்,
அந்த நாட்டு நிதியமைச்சரின் மேஜையில்
தலைகீழாகப் படித்திருக்கிறேன்.
(எதிராளியின் தாளைத் தலைகீழாகப் படிப்பது
எங்கள் தொழிலில் அரிச்சுவடி.)

அன்று ரொம்பப் பேசினேன்.
வட்டி, பிணை, பேரன் காலத்துக் கடன்.
அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டார்.
உரித்துப் பாதியை என் பக்கம் நகர்த்தி,
"நீங்கள் தருவதாகச் சொன்ன பாலம்
எங்கேயம்மா இருக்கிறது?" என்றார்.
மூன்று மழைக்காலம் போயிருந்தது.
பாலம் டெல்லியில்
ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்கு
நடந்துகொண்டிருந்தது.
"அவர்கள் சிமெண்டோடு வருகிறார்கள்,
நீங்கள் அக்கறையோடு.
அக்கறைமேல் லாரி ஓடாது."

ராத்திரி தந்தி எழுதினேன்:
இந்த அரசு வலையில் விழுந்துவிட்டது.
விழுந்தவர் யாரும்
ஆரஞ்சை அப்படிச் சரிபாதியாய்ப் பிளக்க மாட்டார் என்பதை
எழுதவில்லை.
மறுமாதம் அதே பேனாவால்
எங்களிடம் ஓர் ஆஸ்பத்திரி வாங்கினார்.
ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை அவர்களுடையது,
சாலையோர விளக்கு நம்முடையது,
விளக்குக்கு மின்சாரம் அந்த அணையிலிருந்து.
யார் யாருடைய வலையில் என்று
இன்றுவரை பிடிபடவில்லை.
அணை நிரம்பிய வருஷம்
கீழாற்றில் மீன் ஏறவில்லை.
அதையும் எழுதினேன்.
அதை யாரும் படிக்கவில்லை.

"அத்தை?" என்றான் சிவசண்முகம்.
சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், மழுப்பாமல்.
"அங்கிருந்தே நிறுத்திப்போடுவானாமா?"
கணக்கு நோட்டைப் பார்த்தான்,
ஆறு இயந்திரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
"பேங்க்குல போன ஆடியிலிருந்து
நாளைக்கி வாங்கறாங்.
இவன் மிசினோட வந்துட்டானே."
கையெழுத்துப் போட்டான்.
அறிவுரை ஒன்று தொண்டைவரை வந்தது.
கையில் பாலம் இல்லாதவள்
என்ன பேச?

மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு.
நெய் வேண்டாமென்ற வெய்
இரண்டாம் தடவை தானே குழி வெட்டினான்.
கை கழுவிவிட்டு நொய்யல் பாலத்தில் நின்றோம்.
அடியில் போனது தண்ணீர் என்று
பழக்கத்தில்தான் சொல்ல வேண்டும்.
"எங்க ஊர் ஆறும் இப்படித்தான் இருந்தது.
இப்போது அடிக்கல் தெரிகிறது."
எப்படி என்றேன்.
"சாயப் பட்டறை எல்லாம்
வேறு நாட்டுக்குப் போய்விட்டது."
நாட்டின் பெயரைச் சொன்னான்.

ஒரே ஆறு.
கோடையில் கணுக்கால் அளவு,
கூழாங்கல்லை எண்ணலாம்.
ஆரஞ்சு உரித்த அந்தக் கை
இந்தக் கோப்பிலும் கையெழுத்திட்டிருக்குமா,
இல்லை, அதற்குள் வேறு கையா?
கேட்டுச் சொல்ல
அங்கே இப்போது எனக்கு ஆளில்லை.

"என்னங் சொல்றான்?" என்றான் சிவசண்முகம்.
"ஆறு நல்லாருக்குங்கறான்" என்றேன்.

முப்பத்திரண்டு வருஷத்தில்
நான் செய்த முதல் தப்பான மொழிபெயர்ப்பு.

இல்லை,
இரண்டாவது.