வியாழனுக்கான தீனி

செவ்வாய் காலையே சொல்லிவிட்டாய், டெட்லெஃப்,
ஹம்பர்க்கில் உன் ஏழாம் மாடியிலிருந்து:
வியாழன் காற்று செத்துவிடும்,
மூன்று நாள் மூடுபனி,
வாயுவைச் சேர்த்து வை.
எவ்வளவு உறுதி என்றேன்.
ஐம்பது கோடுகளில் முப்பத்தெட்டு என்றாய்.
மிச்சம் பன்னிரண்டும் எந்தப் பக்கம் போகும் என்று
நான் கேட்கவில்லை.
நீயும் சொல்லவில்லை.

இங்கே தொட்டிக்குள் இருப்பது பொத்தான் அல்ல.
முந்நூறு மாட்டுச் சாணம்,
புளிக்கவைத்த சோளத்தட்டை,
கண்ணில் படாத கோடானுகோடி வாய்கள்.
இன்று போட்டால் நாளைக்குத்தான் ஏப்பம்.
அதிகம் போட்டால்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும்,
ஒரு வாரம் எழாது.
அவசரம் என்ற சொல்லை அதற்கு
யாரும் கற்றுத்தரவில்லை.

முப்பத்தெட்டை நம்பி
இரண்டு வாளி கூடுதலாய்ப் போட்டேன்.

புதன் மாலை, அந்தப் பன்னிரண்டில் ஒன்று வந்தது.
கடலிலிருந்து, கரைமேட்டைத் தாண்டி,
செம்மறிகளின் முதுகு ரோமத்தைப் பிளந்துகொண்டு.
நாற்பத்தொரு காற்றாலைகளும் வெறிபிடித்துச் சுற்றின.
மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறவனுக்கு
நாமே காசு கொடுக்கும் இரவு.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள ஊருக்கே தெரியும்.
நான் காற்று போனபின் கதவு திறக்கும் கடை.
பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிக்குத் தொட்டியின் ரப்பர்க் கூரை
தொண்ணூற்றாறு சதவீதம்.
கலக்கிகளை நிறுத்தினேன்.
மொம்மே விளக்கைப் பிடித்துக்கொண்டு
கூரையையே பார்த்தான், பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல்.
தொண்ணூற்றெட்டு.
ஒன்று பத்துக்குக் குழாய் முனையில் தீ வைத்தோம்.

பக்கத்துப் பண்ணையிலிருந்து வெங்கெ போன் செய்தாள்:
"அங்கே என்ன, தீப்பிடித்துவிட்டதா?"
இல்லை என்றேன்,
என் வியாழக்கிழமையில் நாற்பது நிமிடம்
எரிந்துகொண்டிருக்கிறது.

நான்கரைக்கு ஏதோ குறைந்தது.
சத்தம்தான் என்று புரிய நேரம் பிடித்தது.
இறக்கைகள் ஒவ்வொன்றாய் நின்றன.
அவற்றின் சிவப்பு விளக்குகள் கொஞ்ச நேரம் சிமிட்டின,
பிறகு பனி அவற்றையும் விழுங்கியது.
விடிந்தது என்று கடிகாரம் சொன்னது.
கொட்டகைக் கூரையில் சூரியத் தகடுகள்
கழுவாத சிலேட்டுப் பலகைகளாய்க் கிடந்தன.

இரண்டு இன்ஜினையும் முடுக்கினேன்.
காலடியில் தரை அதிர்ந்தது.
எங்கோ ஒரு ரொட்டி அடுப்பு சூடாகியிருக்கும்,
வெங்கெயின் மாடுகளிடம் கறவை இயந்திரம் ஒட்டியிருக்கும்.
யாருக்கும் ஒன்றும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான்
எனக்குக் கூலி.

வெள்ளி இரவு இப்போது. பனி இன்னும் விலகவில்லை.
கூரை தொய்ந்து, பதினெட்டு சதவீதம்.
எரித்த அந்த நாற்பது நிமிடத்தை
யாரிடம் திருப்பிக் கேட்பது?
நாளை நண்பகல் காற்று வரும் என்கிறாய்.
எத்தனை கோடு?
இருபத்தொன்பது.
வந்தால், நான் போடும் தீனி வீண்.
வராவிட்டால், போடாத தீனி
ஊர் முழுக்க இருட்டாய்த் தெரியும்.

வாளி நிறைய சோளத்தட்டை.
ஆவி பறக்கிறது, புளித்த நெடி.
போடவா, வேண்டாமா, சொல்.

சரி, விடு.
உன் மூச்சு போனில் கேட்கிறது, நீயும் தூங்கவில்லை.
போட்டுவிட்டேன்.